தூசு புகாக் கூடம்: பெங்களூரில் செயற்கைக்கோள்கள் உருவாகும் முறை

கிணற்று நீரை இறைக்கும் இயந்திரம் பழுதுற்றால் அதனைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டலாம். மழைமானியில் சருகு விழுந்தால் எடுத்து எறியலாம். பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் வில்லையில் தூசு படிந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கலாம். பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வரும் செயற்கைக்கோளுக்கு இவ்வசதிகளுள் ஒன்றும் இல்லை. மிகச் சிலவற்றைத் தவிர, ராக்கெட்டின் முனையில் வைத்து மூடப்பட்ட பிறகு எந்தச் செயற்கைக்கோளையும் மனிதக் கை தொடுவதில்லை. உள்ளே தங்கிவிட்ட உலோகச் சீவல், ஆடியின்மேல் பதிந்த விரல் ரேகை, அரைகுறையாக முடுக்கப்பட்ட திருகு ஆகிய யாவும் அதன் ஆயுட்காலம் முழுவதும் அதனுடனேயே பயணம் செய்யும்.

இக்காரணத்தினாலேயே செயற்கைக்கோளின் பகுதிகளை ஒன்றுசேர்க்கும் வேலை, தூசு நீக்கப்பட்ட காற்று மட்டுமே உலவும் தனிக் கூடங்களில் நடைபெறுகிறது. இவற்றுக்குத் தூய அறைகள் என்று பெயர். பணியாளர் பேச்சில் இவை 'கிளீன் ரூம்' எனப்படும். இத்தகைய அறைகள் பல பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ளன. அவற்றுள் நடக்கும் வேலையின் முறைகளையும் அம்முறைகளுக்கான காரணங்களையும் அறிந்துகொள்வது, கருவிகளைக் கையாளும் எவருக்கும் பயன்தரும்.

பீன்யாவில் தொடக்கம்

1972-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தியச் செயற்கைக்கோள் ஒன்றைச் சோவியத் ராக்கெட்டின் மூலம் ஏவுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அச்செயற்கைக்கோளை உருவாக்கும் பொறுப்பு யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த இடம் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலிருந்த சில சாதாரணத் தொழிற்கொட்டகைகளே. சிறு தொழில்களுக்கெனக் கட்டப்பட்ட அக்கொட்டகைகளை விண்வெளிக் கருவிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்துக்கொண்டு குழுவினர் வேலையைத் தொடங்கினர்.

ஆர்யபட்டா எனப் பெயரிடப்பட்ட அச்செயற்கைக்கோள் 26 முகங்களைக் கொண்டது. எடை 360 கிலோகிராம். 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து அது விண்ணிற் செலுத்தப்பட்டது. சில நாட்களில் மின் வழங்கலில் ஏற்பட்ட கோளாறினால் அதிலிருந்த விஞ்ஞானப் பரிசோதனைகள் நின்றுபோயின. ஆயினும் செயற்கைக்கோளின் உடல் அமைப்பு பல ஆண்டுகள் இயங்கி வந்தது. சுற்றுப்பாதையில் உள்ள பொருளைக் கை நீட்டித் திருத்த இயலாது என்ற உண்மையை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்திற்று. பீன்யாவில் தொடங்கிய அப்பணியின் வழிவந்ததே இன்று யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் என வழங்கும் நிறுவனம். மாரத்தஹள்ளிப் பகுதியில் அதற்கென அமைந்துள்ள வளாகத்தில், பெரிய செயற்கைக்கோள்களை ஒன்றுசேர்ப்பதற்கும் சோதிப்பதற்குமான கூடங்கள் உள்ளன.

துகள்களை எண்ணும் முறை

காற்றின் தூய்மையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மனிதத் தலைமயிரின் குறுக்களவு ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூய அறைகளில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் துகளோ அரை மைக்ரான் அளவினது. ஒரு கன அடிக் காற்றில் இந்த அளவும் இதற்கு மேற்பட்ட அளவும் உடைய துகள்கள் எத்தனை உள்ளன என்று எண்ணி, அந்த எண்ணாலேயே அறையின் தரத்தைக் குறிப்பிடும் வழக்கம் 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தர விதியினால் ஏற்பட்டது. பின்னர் 1999-இல் உலகத் தர அமைப்பு கன மீட்டர்க் கணக்கில் வேறு வரிசையை வகுத்தது. எனினும் பழைய எண்கள் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டன.

நகரத்துச் சாதாரண அறையின் ஒரு கன அடிக் காற்றில் இத்தகைய துகள்கள் பத்து இலட்சம் அளவில் இருக்கக்கூடும். முழுச் செயற்கைக்கோள்களை ஒன்றுசேர்க்கும் பெரிய கூடங்கள் பொதுவாக 1,00,000 என்னும் தரத்தைச் சேர்ந்தவை. நுட்பமான ஒளியியற் கருவிகளுக்கு 100 அல்லது 10 என்னும் தரம் வேண்டப்படும். 10 என்னும் தரமுடைய அறையில் ஒரு கன அடிக் காற்றில் பத்துத் துகள்களுக்கு மேல் இருத்தலாகாது.

இத்துகள்கள் தாமாகவே கீழே படிந்துவிடும் என்று காத்திருக்க இயலாது. நீரின் அடர்த்தியுடைய 10 மைக்ரான் துகள் ஒன்று, அசையாத காற்றில் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடையக் கால் மணி நேரம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஏறக்குறைய இருபது மணி நேரம் வேண்டும். இதற்கிடையில் ஒருவர் அறையைக் குறுக்கே கடந்தாலும் போதும். அது மீண்டும் மேலெழுந்துவிடும்.

ஆகவே துகள்களைக் காற்றோடு சேர்த்து ஓயாமல் வெளியேற்றுவதே வழியாகும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லிஸ் விட்ஃபீல்டு என்பவர் இதற்கொரு எளிய முறையைக் கண்டார். வடிகட்டிய காற்றை அறையின் ஒரு புறத்திலிருந்து சீராக ஒரே திசையிற் செலுத்தி, எதிர்ப்புறத்தில் உறிஞ்சி, மீண்டும் வடிகட்டிச் சுழலவிட்டார். சுழல் இல்லாத அந்தக் காற்றோட்டம் துகள்களைத் தன்னுடன் வாரிச் சென்றது. இதற்குப் பயன்படும் உயர்திறன் வடிகட்டிகள், பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் துகள்களிற்கூட நூற்றுக்கு 99.97 பங்கை நிறுத்திவிடும். மேலும், அறையினுள் காற்றழுத்தம் வெளியிலுள்ளதைவிடச் சற்று மிகுதியாக வைக்கப்படுகிறது. கதவு திறக்கும்போது உட்காற்று வெளியே வீசுமேயன்றி வெளித் தூசு உள்ளே நுழையாது.

மனிதனே பெரிய ஊற்று

சுவரும் தரையும் காற்றும் தூய்மையான பிறகு, அறையில் தூசு உண்டாக்கும் தலையாய பொருளாக எஞ்சுபவன் மனிதனே. அசையாது அமர்ந்திருப்பவரின் தோலிலிருந்தும் உடையிலிருந்தும் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் அளவில் நுண்துகள்கள் உதிர்வதாகவும், நடக்கும்போது இது பல மடங்காகப் பெருகுவதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. தோல் செதில், மயிர், நூலிழை, எச்சில் துளி, முகப்பூச்சு மாவு ஆகியவை யாவும் இதில் அடங்கும்.

இதனால் உட்செல்வோர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு விரிவானது. முதலில் காலணிகளைக் களைந்து, பசையுள்ள விரிப்பின்மேல் நடந்து பாதத் தூசை நீக்க வேண்டும். பின்னர்த் தலையுறை, முகமூடி, இழை உதிராத நெருக்கமான நெசவினாலான முழு அங்கி, பாதவுறை, கையுறை ஆகியவற்றை மேலிருந்து கீழாக வரிசைப்படி அணிய வேண்டும். மேலுள்ள உறையிலிருந்து உதிர்வது பின்னர் அணியும் உடையின்மேல் தங்காதிருக்கவே இவ்வரிசை வகுக்கப்பட்டது. சில கூடங்களில் இதன்பின் ஒரு சிற்றறையில் நின்று, நாற்புறமும் வீசும் வேகமான காற்றினால் அங்கியின்மேல் உள்ள துகள்களையும் போக்கிக்கொள்ள வேண்டும்.

அட்டைப் பெட்டி, சாதாரணக் காகிதம், பென்சில், அழிப்பான் ஆகியவை உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. குறிப்பெழுத இழை உதிராத தனிக் காகிதமும் மைப்பேனாவும் உண்டு. வேகமாக நடத்தலும், கருவியின்மேல் குனிந்து பேசுதலும் விலக்கப்பட்டவை. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு திருகுளியும் திருகும் எண்ணப்படும். வெளியே வரும்போது எண்ணிக்கை சரியாக இல்லையெனில், காணாமற்போனது அகப்படும் வரையில் வேலை நிறுத்தப்படும். தரையில் ஓரமாகக் கிடக்கும் ஓர் உலோகத் துணுக்கு, எடையற்ற நிலையில் மிதந்து சென்று இரு மின்கம்பிகளுக்கிடையே பாலமாக அமையக்கூடும் என்பதே இக்கண்டிப்புக்குக் காரணம்.

உணரப்படாத மின்பொறி

அறையின் உஷ்ணநிலை 22 பாகை செல்சியஸை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 பங்கை ஒட்டியும் வைக்கப்படுவது பொது வழக்கம். ஈரம் மிகுந்தால் உலோகம் அரிக்கும். மிகக் குறைந்தாலோ வேறொரு தீங்கு நேரும்: உராய்வினால் உண்டாகும் நிலைமின்சாரம் வடிந்து போகாமல் உடலிலும் உடையிலும் தேங்கிவிடும்.

உலர்ந்த காற்றில் விரிப்பின்மேல் நடப்பவரின் உடலில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் ஏறக்கூடும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த மின்பொறியை மனிதன் உணர்வதேயில்லை. நுண்மின்னணு உறுப்புகள் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைந்த பொறியினாலேயே சேதமடைகின்றன. தொட்டவருக்கு ஒன்றும் தெரியாது. உறுப்பும் அப்போதைக்கு வேலை செய்யும். உள்ளே ஒரு மெல்லிய பாதை பாதி உருகிய நிலையில் இருந்து, சில மாதங்களுக்குப் பின் விண்வெளியில் அறுந்து போகலாம். சோதனையில் தேறிவிட்டுப் பின்னர்ப் பழுதாகும் இத்தகைய சேதமே மிகுந்த அச்சத்துக்குரியது.

ஆகவே பணியாளர் ஒவ்வொருவரும் மணிக்கட்டில் மின்கடத்தும் பட்டையொன்றை அணிந்து, அதனைப் புவித்தொடர்பு முனையில் இணைத்துக்கொள்கின்றனர். அப்பட்டையின் கம்பியில் பத்து இலட்சம் ஓம் தடை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். உடலில் சேரும் நிலைமின்சாரம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் அதன் வழியே வடிந்துவிடும். தவறுதலாக ஒருவர் 230 வோல்ட் மின்கம்பியைத் தொட நேரிட்டாலும், அத்தடையின் காரணமாக அவ்வழியே கால் மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே பாயும். இவ்வாறு ஒரே தடை கருவியையும் மனிதனையும் ஒருங்கே காக்கிறது.

ஆவியாய்ப் படியும் மாசு

துகள்களை வடிகட்டியால் நிறுத்தலாம். ஆவியாக வரும் மாசுக்கு வடிகட்டி போதாது. பசை, பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து வெற்றிடத்தில் மெல்ல மெல்ல ஆவி கசியும். அது குளிர்ந்த பரப்புகளின்மேல், குறிப்பாக ஆடிகளின்மேலும் ஒளியுணர் கருவிகளின்மேலும், மெல்லிய படலமாகப் படியும். ஹபிள் தொலைநோக்கியில் 1993-இல் பொருத்தப்பட்ட காமிரா ஒன்றில், குளிரூட்டப்பட்ட உணர்கருவிகளின்மேல் இவ்வாறு மாசு படிந்து புற ஊதா ஒளி மங்கி வந்தது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை அவற்றைச் சூடாக்கி மாசைப் போக்க வேண்டியிருந்தது.

இதனைத் தடுக்க, விண்வெளிக்குச் செல்லும் பொருள் எதுவும் முன்னரே சோதிக்கப்படுகிறது. அதன் மாதிரியை வெற்றிடத்தில் 125 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பர். எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இழத்தலும், குளிர்ந்த தட்டின்மேல் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் படிதலும் ஏற்கப்படுவதில்லை.

பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு ஒரு வளாகம் உண்டு. அங்குள்ள எம். ஜி. கே. மேனன் ஆய்வுக்கூடத்தின் தூய அறைகளில் உருவான புற ஊதாத் தொலைநோக்கியின் கதை இவ்விடத்திற் கருதத்தக்கது. 375 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆடிகளைக் கொண்ட இரட்டைத் தொலைநோக்கி அது. அதன் ஒரு பிரிவு 130 முதல் 180 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் காண்பது. சில நானோமீட்டர் தடிப்புள்ள கரிமப் படலங்கூட இவ்வொளியை விழுங்கிவிடும். கண்ணாற் பார்க்கையில் பளிச்சென்றிருக்கும் ஆடி, இவ்வொளியைப் பொறுத்தவரையில் அழுக்கடைந்த ஆடியாக இருக்கக்கூடும். எனவே மாசு தரும் பொருள்கள் முன்னரே விலக்கப்பட்டன. உட்புறம் தூய நைட்ரஜன் வாயு செலுத்திப் பாதுகாக்கப்பட்டது.

1975-இல் ஆர்யபட்டா ஏவப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுடன் இத்தொலைநோக்கி விண்ணேறியது. ஆயினும் அதன் வாயிற் கதவுகள் உடனே திறக்கப்படவில்லை. செயற்கைக்கோளின் பிற பகுதிகளிலிருந்து கசியும் ஆவி அடங்கும் வரையில் இரண்டு மாதங்கள் காத்திருந்து, நவம்பர் 30-ஆம் நாளன்றே திறக்கப்பட்டன. பொறுமையின் பயன் பின்னர் வெளிப்பட்டது. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தொலைநோக்கி ஒரே வான்பகுதியை 28 மணி நேரத்துக்கு மேல் நோக்கியது. அதிற் கிடைத்த படங்களிலிருந்து, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் கூட்டத்தின் மிக மங்கிய புற ஊதா ஒளியை, பூனாவைச் சேர்ந்த கனக் சாஹாவின் தலைமையிலான பன்னாட்டுக் குழுவினர் கண்டறிந்து 2020-இல் வெளியிட்டனர். அத்தனை தொலைவு கடந்து வந்த ஒளி, கடைசியில் ஒரு விரல் ரேகையில் மறைந்து போயிருக்கலாம்.

சூரியனை நோக்கும் ஆடி

ஆதித்யா எல்-1 விண்கலத்தின் தலைமைக் கருவியான கொரோனாகிராஃபும் ஹொஸ்கோட்டே வளாகத்திலேயே உருவாயிற்று. சூரிய வட்டத்தை மறைத்து, அதனைச் சூழ்ந்துள்ள கொரோனா என்னும் மங்கிய ஒளிவட்டத்தைக் காண்பது இதன் வேலை. அவ்வொளி சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. இக்கருவியில் சூரியனின் முழு ஒளியும் முதலாடியின்மேல் விழுந்த பின்னரே வட்டத்தின் ஒளி பிரித்து விலக்கப்படுகிறது. ஆகவே முதலாடியின்மேல் ஒரு சிறு தூசு இருந்தாலும், அது சிதறடிக்கும் ஒளி கொரோனாவின் ஒளியை மூழ்கடிக்கக்கூடும்.

இதன் பொருட்டு 10 என்னும் தரமுடைய தூய அறை பயன்படுத்தப்பட்டது. பணியாளர் நறுமணத் தைலம் பூசி வருதல் அங்குத் தடுக்கப்பட்டிருந்தது. நறுமணம் என்பதும் காற்றிற் கலந்த ஆவிகளே என்பதால் இவ்விதி வியப்புக்குரியதன்று. கருவி 2023-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட விண்கலம், 2024-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது.

இருபத்துநான்கு திருகாணிகள்

மேற்கூறிய ஏற்பாடுகள் அனைத்தும் இருந்தும், ஒரே ஒரு சரிபார்ப்புத் தவறினால் யாவும் வீணாகலாம் என்பதற்கு அமெரிக்காவில் நேர்ந்த விபத்து ஒன்று சான்றாகும். 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் நகரில், வானிலை ஆராய்ச்சிக்கான நோவா என் பிரைம் என்னும் செயற்கைக்கோளைத் தூய கூடத்தில் படுக்கை நிலைக்குத் திருப்ப முற்பட்டனர். திருப்பு வண்டியில் அதனைத் தாங்கும் தட்டினை இறுக்கிப் பிடிக்க வேண்டிய 24 திருகாணிகள் அவற்றின் இடத்தில் இல்லை. வேறொரு வேலைக்காக அவை முன்னரே கழற்றப்பட்டிருந்தன. கழற்றிய செய்தி பதிவேட்டில் எழுதப்படவில்லை. திருப்ப வந்தவர்களும் முன்னைய பதிவை நம்பினார்களேயன்றித் திருகாணிகளைக் கண்ணாற் பார்த்து உறுதி செய்துகொள்ளவில்லை. வண்டி சாயத் தொடங்கியதும் செயற்கைக்கோள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. எவருக்கும் காயமில்லை. அதனைச் செப்பனிட 13.5 கோடி டாலர் செலவாயிற்று. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே அது விண்ணிற் செலுத்தப்பட்டது.

அக்கூடத்தில் காற்று தூயதாகவே இருந்தது. பணியாளர் அங்கியும் கையுறையும் அணிந்தே இருந்தனர். விடுபட்டவை ஒரு வரிப் பதிவும் ஒரு நோக்கும் மட்டுமே. செயற்கைக்கோளைத் தூக்கும்போது ஒருவர் கட்டளையை வாசிப்பதும், மற்றொருவர் செய்வதும், மூன்றாமவர் கண்ணாற் கண்டு கையொப்பமிடுவதும் வீண் சடங்குகள் அல்ல என்பதை இந்நிகழ்ச்சி விளக்கும்.

பள்ளியிலும் பணியிடத்திலும்

தூய அறையின் தத்துவங்களைப் பள்ளியில் விளக்குவதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டியதில்லை. இருட்டிய வகுப்பறையில் ஜன்னல் இடுக்கின் வழியே வரும் வெயிற்கற்றையில் தூசு மிதப்பதை மாணவர் காணலாம். ஒருவர் தம் சட்டையைத் தட்டியதும் அக்கற்றை அடர்வதையும் நோக்கலாம். ஒரு கண்ணாடித் தகட்டில் சிறிது எண்ணெய் தடவி வகுப்பறையிலும், மற்றொன்றை மூடிய அலமாரியிலும் ஒரு வாரம் வைத்து நுண்ணோக்கியில் ஒப்பிடலாம். தூய கூடங்களிலும் இத்தகைய சாட்சித் தகடுகள் கருவிகளின் அருகில் வைக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதைக் காட்டி, மணிக்கட்டுப் பட்டையின் தேவையை உணர்த்தலாம். தடையின் வழியே பாயும் மின்னோட்டத்தை ஓமின் விதியைக் கொண்டு மாணவரே கணக்கிடலாம்.

வெளியிடங்களிற் பணிபுரிவோர்க்கு 10 என்னும் தரமுள்ள அறை கிட்டாது, அது வேண்டுவதுமில்லை. ஆனால் ஒளியியற் பரப்பை விரலால் தொடாதிருத்தல், கருவியைத் திறக்குமுன் மேசையைத் துடைத்தல், மின்னணுத் தகட்டினைத் தொடுமுன் புவித்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுதல், கழற்றிய திருகுகளை எண்ணி ஒரு தட்டில் வைத்தல், செய்த மாற்றத்தை அன்றே பதிவேட்டில் எழுதுதல் ஆகியவை எங்கும் இயல்வனவே. ஊறுகாய் ஜாடியில் ஈரக்கை படலாகாது என்னும் வீட்டு விதியைக் காரணம் கேளாமலே கடைப்பிடிக்கும் மக்களுக்கு, காரணம் தெரிந்த இவ்விதிகள் கடினமாக இரா.

பீன்யாக் கொட்டகைகளிலிருந்து ஹொஸ்கோட்டேயின் தூய அறைகள் வரை கட்டடங்களும் வடிகட்டிகளும் பெரிதும் மாறியுள்ளன. ஆயினும், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று சொல்லப்படும் விழிப்பு, அன்றும் இன்றும் ஒருபோலத் தேவைப்படுகிறது. அதனை எந்த வடிகட்டியும் அளிப்பதில்லை. கையுறை அணிந்த ஒவ்வொருவரும் தம்முடன் உள்ளே கொண்டு செல்ல வேண்டியது அது.